லூவிஸ்டனுக்கு வந்த குடும்பங்களும் மேயரின் கடிதமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில் உள்ளது மேய்ன் மாநிலம். அங்கே லூவிஸ்டன் என்ற பழைய மில் நகரம் 2001 முதல் இருபது ஆண்டுகளில் கண்ட மாற்றத்தை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. ஏறத்தாழ முழுவதும் வெள்ளையர் வாழ்ந்த அந்த ஊருக்குச் சோமாலியாவிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பங்கள் குறுகிய காலத்தில் பெருமளவில் குடிபெயர்ந்தன. அப்போது நகராட்சி எடுத்த முடிவுகளையும் அவற்றின் விளைவுகளையும் காலவரிசையில் பார்ப்போம். சம்பந்தப்பட்டவர்கள் சிலரின் பெயர்கள் பொதுப் பதிவில் இருந்தாலும் இங்கே தவிர்க்கப்பட்டுள்ளன. அதே நாற்காலியில் நாளை வேறொருவர் அமரும்போது என்ன செய்யலாம் என்பதுதான் இந்த ஆய்வின் அக்கறை.

பின்னணி

ஆண்ட்ரோஸ்காகின் ஆற்றின் வீழ்ச்சியை நம்பி எழுந்த ஊர் லூவிஸ்டன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பருத்தி மில்கள் வந்தன. பேட்ஸ் மில் நெய்த படுக்கை விரிப்புகள் நாடெங்கும் விற்றன. மில்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1860களிலிருந்து கனடாவின் கியூபெக் பகுதியைச் சேர்ந்த பிரெஞ்சு மொழிக் கத்தோலிக்கர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். 1874இல் ரயில் கிளைப்பாதை திறக்கப்பட்டதும் வரவு பெருகியது. ஆற்றங்கரையில் நெருக்கியடித்துக் கட்டப்பட்ட மர வீடுகளில் அவர்கள் குடியேறினார்கள். அந்தப் பகுதி 'குட்டிக் கனடா' என்றே அழைக்கப்பட்டது.

அவர்களை ஊர் இருகரம் நீட்டி வரவேற்கவில்லை. 1919இல் மேய்ன் மாநிலம் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் இயற்றியது. பிரெஞ்சு பேசிய குழந்தைகள் பல பத்தாண்டுகள் அதன் அடியில் படித்தார்கள். 1920களில் மேய்னில் கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு வலுப்பெற்றபோது அதன் முதன்மை இலக்கு கறுப்பர்கள் அல்லர், இந்தக் கத்தோலிக்கர்கள்தான். அவர்கள் வாரந்தோறும் சேர்த்த சில்லறைக் காணிக்கைகளால் எழுந்த புனித பீட்டர், பால் பேராலயம் இன்றும் ஊரின் மிக உயரமான அடையாளமாக நிற்கிறது. 2001இல் நகராட்சியை நடத்தியவர்களில் பலர் இந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மில்கள் தெற்கு மாநிலங்களுக்கும் பின்னர் வெளிநாடுகளுக்கும் போயின. 1970இல் 41,779 ஆக இருந்த மக்கள்தொகை 2000இல் 35,690 ஆகக் குறைந்தது. இளைஞர்கள் வெளியேறினார்கள், லிஸ்பன் தெருவில் கடைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன, நடுநகரின் மூன்றடுக்கு மர வீடுகள் காலியாகக் கிடந்தன. 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்களில் ஏறக்குறைய 96 விழுக்காட்டினர் வெள்ளையர், கறுப்பர் ஒரு விழுக்காட்டினர். பேட்ஸ் மில் நெசவை நிறுத்திய ஆண்டு 2001. அதே ஆண்டு பிப்ரவரியில் முதல் சோமாலியக் குடும்பங்கள் வந்தன.

ஏன் இந்த ஊர்?

சோமாலியாவில் 1991இல் அரசு கவிழ்ந்து உள்நாட்டுப் போர் மூண்டது. லட்சக்கணக்கானோர் கென்யாவுக்கு ஓடினார்கள். பலர் அங்குள்ள தடாப் அகதி முகாம்களில் பத்தாண்டு, அதற்கு மேலும் காத்திருந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரை அகதிகளாக ஏற்ற அமெரிக்கா, அட்லாண்டா, கொலம்பஸ் போன்ற பெருநகரங்களில் குடியமர்த்தியது. அங்கே அவர்களுக்குக் கிடைத்தவை குற்றங்கள் மலிந்த குடியிருப்புகள், உயர்ந்த வாடகை, பிள்ளைகளை நம்பி அனுப்ப முடியாத பள்ளிகள். பெரியவர்கள் கூடிப் பேசி, வேறு ஊர்களைப் பார்த்து வர ஆட்களை அனுப்பினார்கள். பிள்ளைகளைப் பாதுகாப்பாக வளர்க்க முடிகிற சிறிய ஊர்தான் அவர்கள் தேடியது. மேய்னின் போர்ட்லாண்ட் நகரம் கண்ணில் பட்டது. ஆனால் அங்கே வீடு கிடைக்கவில்லை, குடும்பங்களுக்கான தங்குமிடம் நிரம்பி வழிந்தது. அங்கிருந்து ஐம்பது அறுபது கிலோமீட்டர் வடக்கே லூவிஸ்டனில் வீடுகள் காலியாக இருந்தன. போர்ட்லாண்ட் நகராட்சியே சில குடும்பங்களை அங்கே அனுப்பிவைத்தது. பிறகு தொலைபேசியில் செய்தி பரவியது.

இந்த நிகழ்வின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. அமெரிக்க அகதிக் குடியமர்த்தல் முறையில் தொடக்க உதவி முதலில் இறங்கும் ஊரோடு கட்டப்பட்டிருக்கிறது. அங்குள்ள தொண்டு நிறுவனம் ஒப்பந்தம் செய்துகொள்கிறது. வீடு, பள்ளிச் சேர்க்கை, மொழி வகுப்பு எல்லாவற்றுக்கும் அதுவே பொறுப்பு. குடும்பம் வேறு ஊருக்குப் போக முழு உரிமை உண்டு. ஆனால் குடும்பம் போகிற இடத்துக்கு அந்த உதவி தானாகப் பின்தொடர்வதில்லை. எனவே லூவிஸ்டனுக்கு யாரும் முன்னறிவிப்புக் கொடுக்கவில்லை. ஊருக்குள் குடியமர்த்தும் நிறுவனம் இல்லை, சோமாலி மொழி தெரிந்த அலுவலர் இல்லை, தனி நிதி இல்லை.

இருந்தது ஒன்றே ஒன்று: பொது நிவாரணம். வறியவர் யார் வந்து கேட்டாலும் வாடகைக்கும் உணவுக்கும் உதவ வேண்டும் என்று மேய்ன் சட்டம் ஒவ்வொரு நகராட்சியையும் கட்டாயப்படுத்துகிறது. செலவில் ஒரு பகுதியை மாநிலம் திருப்பித் தரும், மீதி உள்ளூர்ச் சொத்துவரியிலிருந்து வர வேண்டும். சுருங்கிவரும் ஊரில் சொத்துவரி ஏறுவது என்பது ஓய்வூதியத்தில் வாழும் ஒரு பழைய மில் தொழிலாளியின் வீட்டுச் செலவைத் தொடும் விஷயம். அந்தக் கவலையை வெறும் இனவெறி என்று தள்ளிவிட முடியாது, தள்ளவும் கூடாது.

முதல் பதினெட்டு மாதங்களில் காணப்பட்டவை

2002 இலையுதிர் காலத்துக்குள் சோமாலியர் எண்ணிக்கை ஏறத்தாழ 1,100 ஆகிவிட்டது. முப்பத்தாறாயிரம் பேர் கொண்ட ஊரில் இது சிறு பங்குதான். ஆனால் அவர்கள் ஊர் முழுவதும் பரவி வாழவில்லை. நடுநகரின் சில தெருக்களில், வாடகை குறைந்த கட்டடங்களில் ஒன்றாக வாழ்ந்தார்கள். தலையை மூடிய பெண்கள் குழந்தைகளோடு பனியில் நடந்து போவதை ஊர் தினமும் பார்த்தது. இதற்கிடையில் 2001 செப்டம்பர் 11 தாக்குதலும் நடந்துவிட்டிருந்தது.

நகராட்சி அலுவலர்கள் சும்மா இருக்கவில்லை. போர்ட்லாண்டோடு சேர்ந்து கூட்டாட்சி அரசிடம் நிதி கேட்டு ஓரளவு பெற்றார்கள். மொழிபெயர்ப்பாளர்களைத் தேடினார்கள். பள்ளிகள் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களைக் கூடுதலாக நியமித்தன. கீழ்மட்ட அலுவலர்களின் இந்த உழைப்பு வெளியே அதிகம் பேசப்படவில்லை. ஊர் நிலைகுலையாமல் இருந்ததற்கு முதற்காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

வதந்திகள் அதைவிட வேகமாக ஓடின. ஒவ்வொரு சோமாலியக் குடும்பத்துக்கும் நகராட்சி ஆயிரக்கணக்கான டாலர் ரொக்கம் தருகிறது, கார் வாங்கித் தருகிறது என்று பேச்சு. நடந்தது வேறு. பொது நிவாரணத்தில் ரொக்கம் கைக்குக் கொடுக்கப்படுவதில்லை. வாடகைச் சீட்டு நேரே வீட்டுச் சொந்தக்காரருக்குப் போகிறது. அதாவது, காலியாகக் கிடந்த கட்டடங்களின் உள்ளூர் உரிமையாளர்களுக்கே அந்தப் பணம் போய்ச் சேர்ந்தது. காரைப் பொறுத்தவரை, சோமாலியரிடையே நம் ஊர்ச் சீட்டைப் போல ஒரு சுழல் சேமிப்பு உண்டு. பத்துப் பேர் மாதந்தோறும் பணம் போட்டு, முறைவைத்து ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்வார். வட்டிக் கடனை மார்க்கம் விலக்குவதால் பெரிய பொருள் வாங்க அது அவர்களுக்குக் கைகொடுத்தது. இந்த இரண்டு செய்திகளையும் ஊர்மக்கள் அனைவருக்கும் அஞ்சலில் அனுப்பக்கூடிய ஒரு பக்கத் தாளில் எழுதியிருக்க முடியும். நகராட்சி பொதுக்கூட்டம் நடத்தி விளக்கம் அளித்தது உண்மை. ஆனால் கூட்டத்துக்கு வராதவர்களிடம் வதந்தியே தங்கியது.

கடிதம்

2002 அக்டோபர் முதல் நாள் தேதியிட்டு, மேயர் சோமாலியச் சமூகப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். முதல் வரிகள் மென்மையானவை. நகர அலுவலர்களின் முயற்சியையும் உள்ளூர் மக்களின் பொறுமையையும் பாராட்டினார். பிறகு, இவ்வளவு பேர் தொடர்ந்து வந்தால் அனைவருக்குமே கேடு விளையும் என்றார். சோமாலியச் சமூகம் கட்டுப்பாடு காட்டி, ஊரின் குறைந்த நிதிமீதும் பெருந்தன்மைமீதும் விழும் சுமையைக் குறைக்க வேண்டும் என்று கேட்டார். பணத்தாலும் இடத்தாலும் மனத்தாலும் நகரம் எல்லையைத் தொட்டுவிட்டது, மூச்சுவிட அவகாசம் வேண்டும், இதை உங்கள் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் சொல்லுங்கள் என்று முடித்தார்.

ஏன் எழுதினார்? வரவு நிற்காது என்ற அச்சம் அவருக்கு இருந்தது. வாக்காளர்கள் தினமும் கேள்வி கேட்டார்கள். பெரியவர்கள் சொன்னால் உறவினர்கள் கேட்பார்கள் என்று அவர் நம்பினார், அந்தக் கணிப்பில் ஓரளவு உண்மையும் உண்டு. தீய நோக்கம் இருந்தது என்று சொல்ல எனக்குச் சான்று இல்லை.

ஆனாலும் அந்தக் கடிதம் தவறான முகவரிக்குப் போனது. நிதி பின்தொடராத சட்டத்தை இயற்றியவர்கள் வாஷிங்டனில் இருந்தார்கள். பொது நிவாரணத்தின் பங்கீட்டைத் தீர்மானித்தவர்கள் மாநிலத் தலைநகர் அகஸ்டாவில் இருந்தார்கள். அந்த இரண்டு இடங்களுக்கும் பகிரங்கமாகப் போக வேண்டிய புகார், எந்த அதிகாரமும் இல்லாத, சட்டப்படி எங்கும் வாழ உரிமையுள்ள மக்களிடம் போய்ச் சேர்ந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரியவர்கள் நகராட்சிக்குக் கூப்பிடு தூரத்தில் வசித்தார்கள். அவர்களை அழைத்து மூடிய அறையில் பேசாமல், ஊரும் பத்திரிகையும் படிக்கும்படி எழுதியதால், "இவர்கள் ஒரு சுமை" என்ற செய்திக்கு நகராட்சி முத்திரை விழுந்துவிட்டது.

சில நாட்களில் பெரியவர்கள் பதில் எழுதினார்கள். சூடான பதில். கடிதம் மனத்தைப் புண்படுத்துவது, எரியும் தீயில் எண்ணெய் ஊற்றுவது என்றார்கள். நாங்கள் குடிமக்களும் சட்டபூர்வ குடியிருப்பாளர்களும் ஆவோம், எங்கு வாழ்வது என்பதை யாரும் எங்களுக்குச் சொல்ல முடியாது என்றார்கள். அந்த வாரக் கடைசியில் உள்ளூர்வாசிகள் சில நூறு பேர் ஒரு தேவாலயத்திலிருந்து லிஸ்பன் தெருப் பள்ளிவாசல் வரை நடந்து தங்கள் ஆதரவைக் காட்டினார்கள்.

ஜனவரி 11, 2003

கடிதம் தேசியச் செய்தியானதும், இல்லினாய்ஸைத் தளமாகக் கொண்ட ஒரு வெள்ளை இனவாதக் குழு லூவிஸ்டனில் கூட்டம் போடப்போவதாக அறிவித்தது. தங்கள் வாதத்துக்கு ஓர் ஊர்த்தலைவரின் கையெழுத்தே கிடைத்துவிட்டதாக அவர்கள் கருதினார்கள். இது மேயர் எதிர்பார்த்திராத விளைவு, அவர் விரும்பியதும் அல்ல.

ஊர் அந்தச் சில வாரங்களில் செய்த வேலை கவனத்துக்குரியது. தேவாலயங்கள், தொழிற்சங்கத்தினர், கல்லூரி ஆசிரியர்கள், வணிகர்கள், சோமாலியர் எல்லோரும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை உருவாக்கினார்கள். அவர்கள் எடுத்த முக்கியமான முடிவு, இனவாதக் கூட்டம் நடக்கும் இடத்துக்குப் போய் எதிர்க்கூச்சல் போடுவதில்லை என்பது. அதே நேரத்தில் ஊரின் மறுபுறத்தில், பேட்ஸ் கல்லூரியில், தனியாக ஒரு கூட்டம் நடத்துவது என்று தீர்மானித்தார்கள். மோதலைத் தேடி வருபவர்களுக்கு மோதல் கிடைக்கக் கூடாது என்பது காரணம்.

நாள் வந்தது. இனவாதிகள் கூட்டத்தில் முப்பது பேரளவில் இருந்தார்கள். அவர்களின் தலைவர் மூன்று நாட்களுக்கு முன் வேறொரு வழக்கில் கைதாகியிருந்தார். பேட்ஸ் கல்லூரியின் உடற்பயிற்சிக்கூடத்தில் நாலாயிரம் பேருக்கு மேல் கூடினார்கள். கடுங்குளிரில் உள்ளே இடம் கிடைக்காமல் பலர் வெளியே நின்றார்கள். புதிதாகப் பதவியேற்ற ஆளுநர் வந்தார். மேயர் விடுமுறையில் வேறு மாநிலத்தில் இருந்தார். அவர் இல்லாதது கடிதத்தைவிட ஆழமான வடுவைச் சிலருக்கு ஏற்படுத்தியது.

பின்னர் நடந்தவை

அந்த ஒரு நாளோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லும் கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். அது உண்மையல்ல. 2006 ஜூலையில், பள்ளிவாசலில் தொழுகை நடந்துகொண்டிருந்தபோது, உறைந்த பன்றித் தலை ஒன்றை ஒருவன் உள்ளே உருட்டிவிட்டான். 2012இல், பின்வந்த மேயர் ஒருவர், புதிதாக வருபவர்கள் தங்கள் பண்பாட்டை வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்று பிபிசி பேட்டியில் கூறினார். கண்டனம் எழுந்தது. ஆயினும் அவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மக்கள் வரத்தும் நிற்கவில்லை, வந்தவர்களும் ஒரே மாதிரி இல்லை. 2005ஐ ஒட்டிச் சோமாலிய பாண்டுக்கள் வரத் தொடங்கினார்கள். இவர்கள் மொசாம்பிக், தான்சானியா பகுதிகளிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடிமைகளாகச் சோமாலியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். ஜூபா ஆற்றங்கரையில் விவசாயம் செய்தவர்கள். சொந்த நாட்டில் மற்றச் சோமாலியரால் தாழ்வாக நடத்தப்பட்டவர்கள். பலருடைய தாய்மொழி மாய். முன்பு வந்தவர்களின் சோமாலி மொழியோடு அது எளிதில் ஒத்துப்போகாது. வெளியிலிருந்து பார்த்த ஊருக்கு எல்லோரும் 'சோமாலியர்'. மருத்துவமனையிலோ பள்ளியிலோ ஒரு பாண்டுத் தாய்க்கு மொழிபெயர்க்க அமர்த்தப்பட்டவர், அவரை ஒடுக்கிய பிரிவைச் சேர்ந்தவராகவே இருக்கக்கூடும். அந்தத் தாய் மனம்விட்டுப் பேசுவாரா? ஓர் ஊரின் இன அமைப்பைக் கணக்கெடுப்புக் கட்டங்களில் மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. பாண்டுக்கள் பின்னர் தங்களுக்கென்று தனி அமைப்பும் கூட்டுப் பண்ணை முயற்சிகளும் தொடங்கினார்கள்.

லிஸ்பன் தெருவில் பூட்டிய கடைகள் திறந்தன. ஹலால் இறைச்சி, துணி, பணம் அனுப்பும் சேவை, சம்பூசா விற்கும் சிறு உணவகம். 2010 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 36,592 ஆக உயர்ந்திருந்தது. கறுப்பர் பங்கு ஏறக்குறைய ஒன்பது விழுக்காடு. 2020இல் மக்கள்தொகை 37,121. காங்கோ, ஜிபூட்டி போன்ற நாடுகளிலிருந்து பிரெஞ்சு பேசும் ஆப்பிரிக்கர்களும் வந்தார்கள். பள்ளியில் பிரெஞ்சு பேசியதற்காகச் சிறுவயதில் அவமானப்பட்ட முதியவர்கள் சிலருக்கு, தம் தாய்மொழியில் உரையாட ஊருக்குள் மீண்டும் ஆள் கிடைத்தது.

மாற்றத்தை வெளியுலகம் கவனித்தது கால்பந்து மைதானத்தில். லூவிஸ்டன் உயர்நிலைப் பள்ளி அணியில் சோமாலியா, கென்யா, காங்கோவிலிருந்து வந்த பிள்ளைகளும் உள்ளூர் வெள்ளையினப் பிள்ளைகளும் சேர்ந்து ஆடினார்கள். 2014 மாநில இறுதி ஆட்டத்தில் தோற்றார்கள். 2015இல் ஆடிய 17 ஆட்டங்களிலும் வென்றார்கள், போட்டது 113 கோல், வாங்கியது 7. நவம்பர் 7 அன்று நடந்த இறுதி ஆட்டத்தின் ஒரே கோலுக்கு வழி செய்தவர் எல்லைக்கோட்டிலிருந்து பந்தெறிந்த ஒரு மாணவர். பந்தைக் கையில் பிடித்தபடி ஓடிவந்து, அதையே தரையில் ஊன்றிக் கரணமடித்து எழுந்து எறிந்தார். கோல்காவலரின் விரலில் பட்டுப் பந்து வலைக்குள் போனது. பயிற்சியாளர் உள்ளூர்க்காரர், நீண்ட காலமாக அந்த அணியை நடத்தியவர். ஆட்டக்காரர்களைத் தங்களுக்குப் பழகிய முறையிலேயே ஆடவிட்டது அவர் எடுத்த நல்ல முடிவு. விளையாட்டு வெற்றியை ஒற்றுமைக்குச் சான்றாகக் காட்டுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் தினமும் மாலை ஒரே பஸ்ஸில் போய் வந்த பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இடையே ஏற்பட்ட பழக்கம் எந்தப் பொதுக்கூட்டமும் தராத ஒன்று.

2019இல் 23 வயதுச் சோமாலியப் பெண் ஒருவர் நகரசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரசாரத்தின்போது இணையத்தில் அவர்மீது வசைமாரி பொழிந்தது. பெரும்பாலும் அது ஊருக்கு வெளியிலிருந்து வந்தது. 2022இல் இன்னொரு சோமாலியப் பெண் லூவிஸ்டனிலிருந்து மாநிலச் சட்டமன்றத்துக்குச் சென்றார்.

மீண்டும் நேர்ந்தால் மாற்ற வேண்டியவை

முதலாவது, நிதி. அகதிக் குடும்பம் இரண்டாவது ஊருக்குப் போகும்போது, மீதமுள்ள உதவியும் தகவலும் அதனுடன் போக வேண்டும். ஒரு சிறிய நகராட்சி பின்னர் விண்ணப்பித்து, காத்திருந்து, சிறு மானியம் பெறும் முறையில் முதல் ஆண்டின் சுமை முழுவதும் உள்ளூர் வரிசெலுத்துபவர் தலையில் விழுகிறது. இந்த ஊரில் பகை மூண்டதற்கு நான் காணும் முதன்மைக் காரணம் இதுதான். நிறமும் மதமும் அந்தப் பகைக்கு உருவம் கொடுத்தன.

அடுத்தது, கணக்கைத் திறந்து வைப்பது. எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு செலவானது, அதில் மாநிலம் எவ்வளவு திருப்பித் தந்தது, வாடகைப் பணம் யாரிடம் போனது என்பதை முதல் மாதத்திலிருந்தே வெளியிட வேண்டும். கசப்பான எண்ணாக இருந்தாலும் வெளியிட வேண்டும். மறைத்தால் அந்த இடத்தை வதந்தி பிடித்துக்கொள்ளும்.

மேயர் செய்திருக்க வேண்டியதும் கடினமானதன்று. பெரியவர்களை அழைத்து, நிதிநிலையைக் காட்டி, ஆளுநருக்கும் கூட்டாட்சி அரசுக்கும் இருதரப்பும் கையெழுத்திட்ட ஒரே கடிதத்தை அனுப்பியிருக்கலாம். பெரியவர்கள் மறுத்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். அவர்களுக்கும் வேலையும் மொழி வகுப்பும் தேவைப்பட்டன.

மொழிபெயர்ப்பாளரை நியமிக்கும் முன், வந்திருப்பவர்கள் யார், எந்தப் பகுதியினர், வீட்டில் எந்த மொழி பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

வீடுகள் பற்றிய பாடம் தாமதமாகத்தான் கற்கப்பட்டது. வாடகை குறைந்த பழைய மர வீடுகளின் சுவர்களில் ஈயம் கலந்த பெயின்ட் இருந்தது. லூவிஸ்டன் குழந்தைகளிடையே ஈய நச்சு, மாநிலச் சராசரியைவிட மிக அதிகமாக இருந்தது. கறுப்பினக் குழந்தைகளும் வெள்ளையினக் குழந்தைகளும் ஒரே கட்டடங்களில் அதே தூசியைச் சுவாசித்தார்கள். 2013 வசந்தத்தில் அடுத்தடுத்து நேர்ந்த தீ விபத்துகளில் நடுநகரக் கட்டடங்கள் பல எரிந்து, இருநூறு பேரளவில் வீடிழந்தார்கள். பிர்ச், வால்நட், பைன் என்று மரங்களின் பெயர் தாங்கிய அந்தத் தெருக்களின் குடியிருப்பாளர்கள், பழையவர்களும் புதியவர்களுமாக, ஒன்றாக உட்கார்ந்து ஒரு மறுசீரமைப்புத் திட்டத்தைத் தீட்டினார்கள். 2021இல் அதற்குக் கூட்டாட்சி அரசு 3 கோடி டாலர் ஒதுக்கியது. இருபது ஆண்டுகளுக்கு முன் கேட்டிருக்க வேண்டிய இடத்தில் ஊர் இம்முறை கேட்டது, கேட்டவர்களில் இரு தரப்பினரும் இருந்தார்கள்.